தேர்வுக்கூடத்துக்கு மேற்கே நிற்கும் புங்க மரங்களை ஏன் காப்பாற்ற வேண்டும்?

கேள்வி: காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், ஐயா. தேர்வுக்கூடத்துக்கு மேற்கே வரிசையாக நிற்கும் புங்க மரங்களை வெட்டிவிட்டு பைக் ஸ்டாண்டு கட்டப்போகிறார்கள். ஒன்றுக்குப் பத்துக் கன்று நட்டுவிடுவோம் என்று நிர்வாகம் சொல்கிறது. நானும் நண்பர்களும் மனு கொடுக்க நினைக்கிறோம். "ஆக்சிஜன் தரும், மழை தரும்" என்பதைத் தாண்டி எழுத என்ன இருக்கிறது?

பதில்:

தம்பி, மனு கொடுக்க நினைத்ததே நல்ல காரியம். நான் இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் தாவரவியல் நடத்தியவன். மரம் வெட்டும் பேச்சு வரும்போதெல்லாம் மாணவர்கள் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பேசித் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் நீங்கள் சொன்ன அந்த இரண்டையும் மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கிறது. உங்கள் மரங்கள் நின்றாலும் போனாலும் கல்லூரிக்குள் அந்த அளவு மாறாது. ஒரு வரிசை மரத்தால் மழையும் வராது. கார்பன் கணக்கும் இதே கதைதான். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கிலோ கரியமில வாயுவை உள்ளே இழுக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியே வருகிறது. அப்படியானால் ஒரு மரத்தின் ஓராண்டு உழைப்பு 9 லிட்டர் பெட்ரோலோடு தீர்ந்துவிடுகிறது. கூட்டத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் இதை எடுத்துப் போட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

வேலூரில் மரத்துக்காகப் பேச வேண்டிய முதல் விஷயம் வெயில். மே 4 முதல் 28 வரை கத்திரி என்று காலண்டரில் போட்டிருக்கும். நம்மூரில் பங்குனி முடிவதற்குள்ளேயே ஆரம்பித்துவிடும். 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குச் செய்தியே இல்லை, 42, 43 வரை பார்த்துவிட்டோம். கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் அதன் குளிர்ச்சி போய்விடுகிறது. ஊரைச் சுற்றி மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி அதைத் திருப்பிக் கக்குகின்றன. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. இந்தச் சூழ்நிலையில் நம் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வு எப்போது வருகிறது? ஏப்ரல், மே. ஒரு மாணவனின் செமஸ்டர் முழுவதையும் அளக்கும் மூன்று மணி நேரம், வேலூரின் மிக மோசமான மூன்று மணி நேரத்தில் வந்து விழுகிறது. மதியத் தேர்வு எழுதியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விடைத்தாளில் வியர்வை சொட்டி மை கலங்கும், ஃபேன் சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளும்.

மரம் இதில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மனுவுக்கு இதுதான் முதுகெலும்பு. மரம் இரண்டு வழியில் குளிரச் செய்கிறது. முதல் வழி நிழல். வெயிலில் கிடக்கும் சிமெண்டுத் தரைக்கும் மர நிழலில் இருக்கும் தரைக்கும் இடையே உச்சி வெயிலில் 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. சுவருக்கும் இது பொருந்தும். மேற்குச் சுவர் மதியம் இரண்டு மணியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். அந்தச் சூடு செங்கல்லைக் கடந்து உள்ளே வந்து சேர நேரம் எடுக்கும். வகுப்பறையில் சாயங்காலம் உட்கார முடியாமல் போவதற்கும், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ஹாஸ்டல் அறையில் பதினொரு மணிவரை தூக்கம் வராததற்கும் இதுதான் காரணம். நம் உடம்புக்குச் சூடு காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்தில் இருக்கும் சுவரும் தரையும் கூரையும் வீசும் அனலும் சேர்ந்துதான் நம்மைச் சுடுகிறது. அதனால்தான் மர நிழலில் வெப்பமானி பெரிதாக இறங்காவிட்டாலும், உடம்புக்கு அப்பாடா என்று இருக்கிறது.

இரண்டாவது வழி நீராவிப்போக்கு. வேர் எடுத்த தண்ணீரை இலை ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, மின்சார மீட்டர் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பம் தேவை. அதைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தும் இலை வாங்கும் வெயிலிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மரம் ஒரு நாளைக்கு 100 லிட்டர் விடுகிறது என்று வைத்துக்கொண்டால் 68 யூனிட். ஒரு டன் ஏசி ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 யூனிட். அப்படியானால் அந்த மரம் ஒரு டன் ஏசி பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடியதற்குச் சமமான வெப்பத்தை அன்று எடுத்துக்கொண்டது. இந்தக் கணக்கை மனுவில் எழுதலாம், ஆனால் இரண்டு விஷயங்களையும் சேர்த்து எழுதுங்கள். ஏசி மூடிய அறைக்குள் வேலை செய்கிறது, மரம் திறந்த வெளியில் செய்கிறது. அதன் குளிர்ச்சி காற்றோடு கலந்து போய்விடும். இன்னொன்று, மண்ணில் ஈரம் இல்லையென்றால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், அப்போது நிழல் மட்டும்தான் மிச்சம். மறைக்காமல் சொன்னால் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூடும்.

இப்போது "மேற்கே" என்று நீங்கள் எழுதிய வார்த்தைக்கு வருகிறேன். நிர்வாகம் இதைக் கவனித்திருக்காது. வேலூர் 12.9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்குச் சற்று வடக்கே போய்விடும். அதனால் கோடையில் தெற்குச் சுவருக்கு வெயில் அவ்வளவாக விழாது. காலையில் கிழக்குச் சுவரும், மதியத்துக்குமேல் மேற்குச் சுவரும் வடமேற்கு மூலையும்தான் அடி வாங்கும். உச்சி வெயிலை கூரை தாங்கிக்கொள்ளலாம், பலகணிச் சன்ஷேடு கொஞ்சம் தடுக்கலாம்; மூன்று மணி, நாலு மணிக்குச் சாய்ந்து வரும் வெயிலைச் சன்ஷேடால் தடுக்க முடியாது. அது நேராக ஜன்னலுக்குள் நுழைந்து பெஞ்சு வரை வரும். அதைத் தடுக்கக்கூடியது மேற்கே கொஞ்சம் தள்ளி நிற்கும், இலை அடர்ந்த, நடுத்தர உயரமுள்ள மரம். உங்கள் புங்க மரங்கள் அதே இடத்தில் நிற்கின்றன. இதே மரங்கள் கட்டடத்துக்குத் தெற்கே நின்றிருந்தால் நான் இவ்வளவு கெஞ்சிப் பேசியிருக்க மாட்டேன்.

அப்புறம், அது புங்கனாக இருப்பதும் பெரிய அதிர்ஷ்டம். நிழல் மரம் என்றால் எப்போது நிழல் தருகிறது என்று பார்க்க வேண்டும். செம்மயிற்கொன்றை, அதாவது குல்மொஹர், மடகாஸ்கரிலிருந்து வந்த அழகான மரம். ஆனால் கோடை தொடக்கத்தில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், மே மாதம் பூக்கும்போதும் நிழல் மெல்லியதுதான். சரக்கொன்றையும் பூக்கும் காலத்தில் அப்படியே. புங்கன் மாசி வாக்கில் இலை உதிர்த்து, பங்குனியில் தளிர்விட்டு, சித்திரையில் பளபளவென்று அடர்ந்துவிடும். வேம்பும் அப்படித்தான். தேர்வுக் காலத்துக்கென்றே அட்டவணை போட்டு வளர்கிற மரங்கள் இவை இரண்டும். மதியத் தேர்வுக்கு முன்னால் அந்த மரத்தடியைப் போய்ப் பாருங்கள். ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் கடைசி நேரப் பாடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொரி இறைத்ததுபோல் புங்கம்பூ திறந்த நோட்டின் மேல் விழுந்துகொண்டிருக்கும். ஒரு பெண் அதை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவாள். வாட்ச்மேனின் நாற்காலியையும் கவனியுங்கள். காலையில் மரத்துக்கு மேற்கே கிடக்கும், மதியம் அடிமரத்துக்குப் பக்கத்தில் வரும், சாயங்காலம் கிழக்கே போகும். பைக்குகளும் இப்படித்தான், கோடு போட்ட இடத்தில் நிற்காமல் நிழல் விழும் இடத்தில் வளைந்து நிற்கும். அந்த வளாகத்தில் எந்த இடம் எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. இதை நான்கு வேளையும் போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள்.

மாணவர்களுக்கு என்ன நன்மை என்று கேட்டால், வெப்பத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். அமெரிக்காவில் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏசி இல்லாத பள்ளிகளில், ஆண்டின் வெப்பம் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி கூடினால், அதாவது செல்சியஸில் அரை டிகிரிக்குச் சற்று மேல், அந்த ஆண்டுக் கற்றலில் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். அது மரத்தைப் பற்றிய ஆய்வு அல்ல, வெப்பத்தைப் பற்றியது. ஆனால் நம் வகுப்பறைகளில் பெரும்பாலானவற்றில் ஏசி கிடையாது. வெயில் உள்ளே வராமல் தடுப்பது எதுவானாலும் அது படிப்புக்குச் செய்யும் உதவிதான்.

கவனத்தைப் பற்றிய ஆய்வுகள் தனி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற தம்பதியர் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒன்றையே குறிவைத்துப் படிக்கும் கவனம் சோர்ந்துபோகும். இலை அசைவது, பறவை நகர்வது போன்று நம்மை வலியப் பிடித்து இழுக்காத காட்சிகளில் அது இளைப்பாறி மீண்டு வரும் என்பது அந்தக் கருத்து. 2008இல் அதே பல்கலைக்கழகத்தில் மாணவர்களை ஒரு நாள் மரங்கள் நிறைந்த பூங்காவிலும் இன்னொரு நாள் நகரத் தெருவிலும் நடக்கவிட்டு, பிறகு எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். மரங்களுக்கு நடுவே நடந்து வந்தபோது நன்றாகச் செய்தார்கள், தெருவில் நடந்து வந்தபோது அந்த முன்னேற்றம் இல்லை. இல்லினாய்ஸில் 2016இல் வெளியான ஆய்வில் ஐந்து பள்ளிகளைச் சேர்ந்த 94 மாணவர்களை மூன்று வகை அறைகளில் உட்காரவைத்தார்கள்: ஜன்னல் இல்லாத அறை, ஜன்னலில் கட்டடம் தெரியும் அறை, ஜன்னலில் மரம் செடி தெரியும் அறை. பச்சை தெரிந்த அறையில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு கவனச் சோதனையில் மேலே வந்தார்கள், மன அழுத்தமும் அவர்களுக்கே விரைவாக இறங்கியது. மெல்பர்னில் 150 மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், வேலைக்கு நடுவே 40 விநாடி பசுமையான மாடித் தோட்டத்தைப் பார்த்தவர்கள், வெறும் சிமெண்டு மாடியைப் பார்த்தவர்களைவிடப் பிழை குறைவாகச் செய்தார்கள். உங்கள் தேர்வுக்கூடத்தில் மேற்கு ஜன்னல் பக்கம் உட்காருகிறவர்களுக்கு அந்த 40 விநாடி இப்போது சும்மா கிடைக்கிறது. மரம் போனால் அங்கே தகரக் கூரையும் பைக் கண்ணாடிகளின் பளிச்சென்ற வெளிச்சமும்தான் இருக்கும்.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. அவர்களிடம் கேட்டால் ரோஜர் உல்ரிச்சின் 1984ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்லக்கூடும். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். பாகாயத்தில் சிஎம்சி மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் நடந்தவர்களுக்கு இந்த ஆய்வு அவ்வளவு ஆச்சரியம் தராது.

ஆனால் எனக்கு இந்த ஆய்வுகள் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. உங்கள் கல்லூரிக்கு ஒடுகத்தூரிலிருந்தும் கே.வி.குப்பத்திலிருந்தும் பேர்ணாம்பட்டிலிருந்தும் பஸ் பாஸில் வரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி, எட்டேகாலுக்கே வந்து இறங்கிவிடுவார்கள். அடுத்த பஸ்ஸில் வந்தால் முதல் பீரியடு போய்விடும். வகுப்பு திறக்கும்வரை எங்கே உட்காருவது? மதியம் டிபன் பாக்ஸை எங்கே திறப்பது? கேண்டீனில் உட்கார ஒரு டீயாவது வாங்க வேண்டும். ஹாஸ்டல் அறை அவர்களுக்குக் கிடையாது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண், நூலகத்துக்குள் போகவே இன்னும் கூச்சப்படுகிறவள், தயங்காமல் போய் உட்காரும் இடம் அந்த மரத்தடி. அங்கே சீனியர் பாடம் சொல்லிக்கொடுக்கிறான், யாரோ அரசுத் தேர்வுக்கு வினாத்தாள் கொண்டுவருகிறாள், வேறு துறைப் பிள்ளைகளோடு பழக்கம் ஏற்படுகிறது. கட்டட வரைபடத்தில் இதற்கென்று ஓர் அறை எந்தக் கல்லூரியும் ஒதுக்குவதில்லை. மரத்தை எடுத்தால் முதலில் இடமிழப்பவர்கள் இவர்கள்தான். உங்கள் மனுவில் இது ஒரு பத்தியாவது இருக்க வேண்டும், அதை அந்தப் பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது.

சரி, "ஒன்றுக்குப் பத்து" என்ற வாக்குறுதிக்கு வருவோம். இதைக் கோபப்படாமல் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நன்றாக வளர்ந்த புங்கனின் குடை 25 அடி அகலம் என்றால் அதன் நிழல் ஏறத்தாழ 490 சதுர அடி. நர்சரியிலிருந்து வரும் கன்றின் குடை இரண்டு அடி இருந்தாலே அதிகம். அதன் நிழல் மூன்று சதுர அடி. பத்துக் கன்றும் சேர்ந்து 31 சதுர அடி. ஆக ஒரு மரத்தின் நிழலில் பதினைந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இதுவும் பத்தும் பிழைத்தால்தான். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வருகிறது என்றதும் அவசர அவசரமாக நட்டு, பெயர்ப்பலகை வைத்து, போட்டோ எடுத்து, குழு போனதும் தண்ணீர் நின்றுபோன கன்றுகளை நான் ஒரு கல்லூரியில் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். பித்தளைப் பலகையில் பெயர் அப்படியே இருந்தது, கூண்டுக்குள் குச்சிதான் இருந்தது. நடுவதை நான் எதிர்க்கவில்லை, நூறு நடட்டும். ஆனால் இன்று முதலாண்டு சேர்ந்திருக்கும் பிள்ளை பட்டம் வாங்கிப் போகும்வரை அந்தக் கன்று அவன் தலைக்கு நிழல் தராது. அதனால் இருப்பதைக் காப்பாற்றிவிட்டு மேற்கொண்டு நடுவதுதான் முறை.

தண்ணீர் விஷயமும் சேர்த்து எழுதுங்கள், இங்கே கல்லூரிகள் கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகின்றன. ஓர் ஏக்கரில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 36 லட்சம் லிட்டருக்கு மேல். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கின்றன. பல நேரம் ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு ஒரேயடியாகக் கொட்டும். பேவர் பிளாக் தரையில் விழுந்த மழை வாய்க்காலுக்கு ஓடிவிடும். மரத்தடி மண்ணில் வேர் விட்ட துளைகளும் மண்புழு விட்ட துளைகளும் இருப்பதால் தண்ணீர் கீழே இறங்கும். செம்மண் படலம் மெல்லியதாக, அடியில் பாறை இருக்கும் நம் நிலத்தில், இறங்கும் ஒவ்வொரு சொட்டும் போர்வெல்லுக்கு லாபம். நாகநதிப் பக்கம் ஊர்ப் பெண்கள் உறைகிணறுகள் இறக்கி மழைநீரைப் பூமிக்குள் அனுப்பி நதியை மீட்டார்கள் என்று படித்திருப்பீர்கள். மரத்தோடு அதே வேலையை ஒரு வளாகத்துக்குள்ளும் செய்யலாம். விழும் சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். புங்கந்தழையை நெல் வயலுக்கு உரமாகப் போட்ட ஊர் இது. அது என்ன சத்து என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

பறவை, பூச்சி விஷயம் சுருக்கமாக. உங்கள் வரிசையில் குக்குறுவானும் சின்னானும் கிளியும் அணிலும் இருக்கும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களுக்கென்றே தனியாக ஒன்று நடக்கிறது. விலங்கியல் துறை அதில் சேர்ந்தால் அந்த மரங்கள் பெயரோடு பட்டியலில் ஏறும். பட்டியல் இருக்கும் மரத்தை வெட்டுவது கொஞ்சம் கடினம். இது வெறும் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 1937இல் தாம்பரத்துக்கு மாறிய சென்னை கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகம் இன்றும் காடாக இருப்பதற்கு, வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் மரமாக நட்டுப் பார்த்துக்கொண்டதே முக்கியக் காரணம். அங்கே படித்த தாவரவியல் மாணவர்களுக்கு வளாகமே ஆய்வுக்கூடமாக இருந்தது.

எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்பதற்கும் தயாராகப் போங்கள். தூசியை இலை ஓரளவு பிடிக்கும், அதற்காகக் காற்று சுத்தமாகிவிடும் என்று சொல்ல வேண்டாம். சத்தத்தை ஒரு வரிசை மரம் குறைக்காது, அதையும் எழுத வேண்டாம். வேர் சுவரைப் பெயர்க்கும் என்பார்கள். ஆலும் அரசும் கட்டடத்துக்குப் பக்கத்தில் கூடாது என்பது உண்மை, புங்கனுக்கு அந்தப் பயம் குறைவு. பாம்பு வரும் என்பார்கள். பாம்பு வருவது புதருக்கும் கேண்டீன் குப்பைக்கு வரும் எலிக்கும்தான், தரை தெரியும்படி சுத்தமாக இருக்கும் மரத்தடிக்கு அல்ல. பைக் எங்கே நிறுத்துவது என்பது நியாயமான கேள்வி, அதற்கு நேரான பதில் சொல்லுங்கள். இரண்டு மரத்துக்கு நடுவே 20 அடி இருந்தால் நாலைந்து பைக் நிற்கும். மரங்களை அப்படியே விட்டுவிட்டு, அடிமரத்தைச் சுற்றி ஐந்தடி மண்ணைத் திறந்து வைத்து, மீதியில் சரளை பரப்பினால் போதும், ஸ்டாண்டு தயார். தகரக் கூரைக்கு ஆகும் செலவும் மிச்சம். தகரத்துக்குக் கீழே நிற்கும் பைக் சீட்டில் மே மாதம் மூன்று மணிக்கு உட்கார்ந்தவர்கள் எல்லோரும் உங்கள் பக்கம் கையெழுத்துப் போடுவார்கள்.

பேவர் பிளாக் பற்றி ஒரு வார்த்தை. பல வளாகங்களில் மரத்தை வெட்டாமலே கொன்றுவிடுகிறார்கள். அடிமரத்தைச் சுற்றி ஓரடி மட்டும் விட்டுவிட்டு முழுக்கப் பதித்துவிடுவார்கள். அந்த ஓரடி மண்ணும் மிதிபட்டு இறுகி, ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்று காயும். இரண்டு கோடையில் உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வரும். அப்போது "மரம் பட்டுவிட்டது, ஆபத்து" என்று வெட்ட அனுமதி கேட்பார்கள். உங்கள் வரிசையில் இப்படி ஏதாவது மரம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கல்லைப் பெயர்த்து, மண்ணைக் கொத்திவிட்டு, தொழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

புதிதாக நடப் போகிறார்கள் என்றால் என்ன மரம், எப்போது என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு அரசே 2025இல் அதை நடத் தடை செய்துவிட்டது. ராயல் பாம், கூம்பாக வளரும் நெட்டிலிங்கம் இரண்டும் நுழைவாயிலுக்கு அழகு, நிழல் கிடையாது. நடைபாதைக்கு வேம்பு, புங்கன், மகிழம். மைதானத்து ஓரத்துக்கு நாவல், இலுப்பை, நீர்மருது. எல்லைச் சுவரை ஒட்டி, இடம் இருந்தால், ஒரு ஆலும் அத்தியும். ஹாஸ்டல் கழிவுநீர் சற்று உப்பாக இருந்தாலும் புங்கன் தாங்கும், தோல் பதனிடும் ஷாப்புகளால் நிலத்தடி நீர் கெட்ட வாலாஜா, ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இது முக்கியம். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று அன்று நடுவதை விட்டுவிடச் சொல்லுங்கள். வேலூரில் அப்போது மண் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், பாதிக் கல்லூரிகளில் விடுமுறை, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஆவணி, புரட்டாசியில் மூன்றடி ஆழக் குழியில், செம்மண்ணும் தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நட்டால், ஐப்பசி மழையில் வேர் பிடித்துவிடும். முதல் மூன்று கோடைக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் கட்டாயம். மெஸ்ஸில் கை கழுவும் தண்ணீரைத் திருப்பிவிட்டாலே அது கிடைத்துவிடும்.

மனுவுக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுத்து, குடையின் அகலத்தை இரண்டு பக்கமும் அளந்து, போட்டோவோடு ஒரு தாளில் போடுங்கள். ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானியை இயற்பியல் துறையிலிருந்து வாங்கி, மதியம் மூன்று மணிக்கு மர நிழல் விழும் சுவரையும் விழாத சுவரையும் அளந்து எழுதுங்கள். உங்கள் கல்லூரிச் சுவரில் நீங்களே எடுத்த எண்ணை யாரும் மறுக்க முடியாது. நாக் மதிப்பீட்டில் பசுமை வளாகம் பற்றிய கேள்விகள் இருப்பதை முதல்வருக்கு நினைவூட்டுங்கள். அரசுக் கல்லூரி என்றால், அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்; அது வாங்கியிருக்கிறார்களா என்று பணிவாகக் கேளுங்கள். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நோக்கமே மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோவது; கன்று வேண்டுமென்றால் வனத்துறை நாற்றங்காலில் கேட்கலாம்.

எல்லாம் செய்தும் ஓரிரண்டு மரம் எடுத்தே ஆகவேண்டும் என்று வந்தால், வெட்டாமல் வேரோடு பெயர்த்து நடச் சொல்லிக் கேளுங்கள். அதை ஜேசிபி டிரைவரிடம் ஒரே நாளில் விட்டுவிடக் கூடாது. மழைக்காலத்தில், சில வாரங்களுக்கு முன்பே ஒரு பக்கம் ஒரு பக்கமாகச் சுற்றிலும் பள்ளம் எடுத்து வேரை அறுத்துவிட்டு, கிளைகளைக் கழித்து, வெட்டிய இடத்தில் சாணம் பூசி, வேர்மண் உடையாமல் கோணியால் கட்டித் தூக்க வேண்டும். புதுக் குழி அதற்கு முந்தின நாளே தயாராக, தண்ணீர் ஊறி இருக்க வேண்டும். மரத்தின் எந்தப் பக்கம் மேற்கே பார்த்து நின்றதோ அந்தப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, புது இடத்திலும் அதே பக்கம் மேற்கே வரும்படி நிறுத்துங்கள்.